ஹேடிஸின் காரில் பெர்செபொனி

'லோர் ஒலிம்பஸ்' சித்திரக்கதையின் ஆரம்பத்தில் ஒரு விருந்து நடக்கிறது. பாதாள உலகத்தின் அரசன் ஹேடிஸ் அங்கே பெர்செபொனியைப் பார்க்கிறான். அஃப்ரொடைட்டியைவிட இவள் அழகு என்று சொல்லிவிடுகிறான். அழகுத் தெய்வத்துக்குப் பொறுக்குமா? மகன் ஈரோஸை ஏவிவிடுகிறாள். அவன் பெர்செபொனிக்கு மதுவை ஊற்றிக் கொடுத்து, மயங்கியவளைக் கொண்டுபோய் ஹேடிஸின் காரில் பின்பக்கம் கிடத்திவிட்டுப் போகிறான். ஹேடிஸ் எதுவும் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேருகிறான்.

பெண் பாதாளத்துக்குப் போயாயிற்று, ஆனால் கடத்தியவன் என்று விரல் நீட்ட அங்கே யாரும் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத் 2018இல் இணையத்தில் தொடங்கி 2024 வரை வரைந்த தொடர் இது. பிறகு அச்சுப் புத்தகங்களாகவும் வந்தது. கிரேக்கப் புராணங்களைக் காதல் கதையாக மாற்றும் இன்றைய அலையைப் புரிந்துகொள்ள இந்தக் கார் காட்சியே போதும். மூலக்கதையில் இருந்த தேர் காராக மாறியது பெரிய விஷயமில்லை. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் யார் கிடக்கிறார்கள் என்றே தெரியாது என்று ஆக்கியதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

காதல் கதை என்றால் இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேக்கப் புராணத்தில் அது அபூர்வம். அங்கே பெண்கள் தூக்கிச் செல்லப்படுகிறார்கள், போரில் பங்கு பிரிக்கப்படுகிறார்கள், தப்பி ஓடி மரமாகவும் நாணலாகவும் மாறுகிறார்கள். இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு காதல் நாவல் எழுத உட்காரும் எழுத்தாளருக்கு முதல் வேலை, மூலத்தில் இல்லாத சம்மதத்தை எங்கிருந்தாவது கொண்டுவருவது. எப்படிக் கொண்டுவருகிறார், அதற்காகக் கதையில் யாரைக் கெட்டவராக்குகிறார் என்று பார்த்தால் எழுத்தின் தரம் தெரிந்துவிடும்.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். பெர்செபொனி கதையை நமக்கு முழுமையாகச் சொல்லும் மிகப் பழைய நூல், அவள் தாயும் விளைச்சலின் தெய்வமுமான டிமீட்டருக்கான துதிப்பாடல். கி.மு. 7ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 495 வரிகள். ஹோமர் பெயரில் வழங்கினாலும் அவர் எழுதியதல்ல. புல்வெளியில் தோழிகளோடு பூப்பறிக்கும் பெண் நூறு தலைகள் பூத்த ஒரு நார்சிசஸ் பூவுக்குக் கை நீட்டுகிறாள். பூமி பிளக்கிறது. விருப்பமில்லாத அவளை ஹேடிஸ் தங்கத் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறான், அவள் அலறுகிறாள். விருப்பமில்லாதவள் என்பதைப் பாடல் பூசி மெழுகாமல் நேராகவே சொல்கிறது. குகைக்குள்ளிருந்த தெய்வம் ஹெக்கேட்டும் சூரியன் ஹீலியோஸும் தவிர வேறு யார் காதிலும் அந்த அலறல் விழவில்லை. அவள் கூப்பிட்டது தேவர்களின் அரசனான அப்பா ஜீயஸை. அந்த அப்பாதான் இந்தக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்தவன் என்பதைப் பாடல் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிடுகிறது.

ஆக அந்தக் காலத்து ஆணின் கண்ணில் இது முறையான சம்பந்தம்தான். பெண்ணின் தகப்பன் தன் சொந்த அண்ணனுக்கே கட்டிக்கொடுத்திருக்கிறான். ஏதென்ஸில் பெண்ணைக் கொடுப்பது தகப்பனின் உரிமை. பெண்ணைக் கேட்கும் வழக்கம் இல்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்ணை முப்பதை ஒட்டிய ஆணுக்குக் கொடுப்பது சாதாரணம். மெனாண்டரின் நாடகங்களில் தகப்பன் பெண்ணைக் கொடுக்கும்போது சொல்லும் வாசகம் ஒன்று வரும்: முறையான பிள்ளைகளை உழுது பெற்றுக்கொள்ள இவளைத் தருகிறேன். நம்முடைய பழைய நூல்களும் பெண்ணைத் தூக்கிச் செல்வதை ராட்சச மணம் என்று எட்டு மணங்களில் ஒன்றாகப் பட்டியல் போட்டு வைத்திருந்ததால், இதைப் படித்து நாம் ஒன்றும் அதிர்ந்துபோக வேண்டியதில்லை.

துதிப்பாடலில் ஹேடிஸுக்கு அவள்மேல் காதல் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. காதலை உள்ளே கொண்டுவந்தவர், அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ரோமானியக் கவி ஓவிட். வீனஸ், அதாவது ரோமானியர்களின் அஃப்ரொடைட்டி, தன் மகனிடம், பாதாளத்தில் மட்டும் நம் ஆட்சி நடக்கவில்லையே என்று குறைப்பட, அவன் அம்பை எய்கிறான். ஓவிட் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: கிட்டத்தட்ட ஒரே கணத்தில் கண்டான், விரும்பினான், தூக்கிக்கொண்டான். அந்த வேகத்தில் கொஞ்சம் கேலியும் இருக்கிறது. தேரில் போகும்போது அந்தப் பெண், மடியிலிருந்து சிந்திப்போன பூக்களுக்காகவும் அழுகிறாள் என்று அடுத்து எழுதுகிறார். எவ்வளவு சின்னப் பெண் என்று காட்ட இதைவிட வேறு வரி தேவையில்லை. காதலைச் சேர்த்தார், கொடுமையை மறைக்கவில்லை. துதிப்பாடலின் கைப்பிரதி 1777இல் மாஸ்கோவில் கிடைக்கும்வரை ஐரோப்பா இந்தக் கதையைப் பெரும்பாலும் ஓவிட் வழியாகவே அறிந்திருந்தது. அதனால் அம்பு பட்டவன் என்ற ஹேடிஸ், தம்பி சொல் வாங்கிப் பெண்ணெடுத்த ஹேடிஸை நெடுங்காலம் மறைத்துவிட்டான்.

இன்றைய நாவல்களுக்கு அம்பு போதாது. அவன் விரும்பினால் மட்டும் போதுமா, அவளும் விரும்ப வேண்டுமே. அமெரிக்க எழுத்தாளர் ஸ்கார்லெட் செயின்ட் கிளேரின் 'எ டச் ஆஃப் டார்க்னஸ்' 2019இல் வந்தது. அதில் பெர்செபொனி நவீன ஏதென்ஸில் இதழியல் படிக்கும் மாணவி. ஹேடிஸ் நடத்தும் இரவு விடுதிக்குத் தானாகவே போகிறாள், அவனோடு சீட்டாடித் தோற்கிறாள், ஓர் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்கிறாள்: ஆறு மாதத்துக்குள் பாதாளத்தில் உயிரை விளைவிக்க வேண்டும், முடியாவிட்டால் நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும். கேட்டி ராபர்ட்டின் 'நியான் காட்ஸ்' 2021இல் வந்தது. அதில் ஜீயஸுக்குத் தன்னைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பெர்செபொனி ஓடுகிறாள். ஸ்டிக்ஸ் ஆற்றுப் பாலத்தை அவளே ஓடிக் கடந்து ஹேடிஸின் பக்கம் போய் விழுகிறாள்.

முதல் கதையில் மயக்கம், இரண்டாவதில் சூதாட்டம், மூன்றாவதில் தப்பியோட்டம். மூன்றிலும் அவள் பாதாளத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் கதையே இல்லை. தூக்கிக்கொண்டு போவது மட்டும் கூடாது. நியான் காட்ஸில் இன்னொரு திறமையும் உண்டு: பழைய கதையில் ஹேடிஸ் செய்த பாவத்தை அப்படியே ஜீயஸின் தலையில் கட்டிவிடுகிறார். வயதில் மூத்த, அதிகாரம் கொண்ட, பெண்ணைக் கேட்காமல் கட்டிக்கொள்ளத் துணிந்தவன் இப்போது ஜீயஸ். எல்லாரும் பயப்படும் ஹேடிஸ்தான் நல்லவன். பாதாளக் கடவுள் என்றாலே கெட்டவன் என்று நினைப்பது பிற்கால மதங்கள் கொடுத்த பழக்கம் என்பதால், இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கிரேக்கர்களுக்கு ஹேடிஸ் அச்சம் தருபவன், ஆனால் தீயவன் இல்லை. பெண்கள் பின்னால் ஓடுவதில் ஜீயஸுக்கு இருந்த பெயர் அவனுக்குக் கிடையவே கிடையாது.

மாதுளை விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் இந்த நாவலாசிரியர்களுக்கு மூலமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. டிமீட்டர் பஞ்சம் விளைவித்து, பலிகள் நின்று, தேவர்கள் கலங்கிப்போன பிறகு ஜீயஸ் வேறு வழியில்லாமல் தூதன் ஹெர்மிஸைப் பாதாளத்துக்கு அனுப்புகிறான். ஹேடிஸ் மறுக்கவில்லை. புருவத்தால் புன்னகைத்து அவளிடம் சொல்கிறான்: போ, உன் தாயிடம் போ. மனம் கசந்துவிடாதே. ஜீயஸுக்கு உடன்பிறந்த நான் உனக்குத் தகாத கணவன் இல்லை. இங்கே இருக்கும்போது உயிருள்ள அத்தனைக்கும் நீயே அரசி. இதைக் கேட்டதும் அவள் மகிழ்ந்து துள்ளி எழுகிறாள். எதற்கு அந்த மகிழ்ச்சி? வீட்டுக்குப் போகிறோம் என்றா, அரசியாகிறோம் என்றா? பாடல் சொல்வதில்லை. உடனே ஹேடிஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரகசியமாக ஒரு மாதுளை முத்தை அவளுக்குத் தின்னக் கொடுக்கிறான்.

பிறகு தாயும் மகளும் சேர்கிறார்கள். கட்டிப்பிடித்த கையோடு தாய் கேட்கும் கேள்வி: அங்கே ஏதாவது சாப்பிட்டாயா? சாப்பிட்டிருந்தால் அவள் மறுபடி பாதாளத்துக்குப் போயாக வேண்டும். மகள் நடந்ததைச் சொல்கிறாள், ஆனால் ஒரு மாற்றத்தோடு. இரகசியமாகக் கொடுத்தான் என்று கதைசொல்லி சொன்னான் அல்லவா. மகள், என்னை வலுக்கட்டாயமாகச் சாப்பிடவைத்தான் என்கிறாள். இரண்டு சேதிக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி அறிஞர்களை நெடுநாளாக உறுத்தியிருக்கிறது. தாயிடம் உண்மையைச் சொல்கிறாளா, தாயைச் சமாதானப்படுத்துகிறாளா? அரசியாகும் ஆசை கொஞ்சம் இருந்ததை மறைக்கிறாளா, அல்லது கதைசொல்லிதான் ஆண்பிள்ளையின் குற்றத்தைக் குறைத்துச் சொன்னானா? 'அவளே தெரிந்துதான் தின்றாள்' என்ற இன்றைய வாசிப்பு முளைப்பது இந்த இடத்தில்தான். வெறும் கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. எனக்கு அந்த வாசிப்பில் முழு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் இடைவெளி மூலத்தில் நிஜமாகவே இருக்கிறது.

அந்தக் காலத்துப் பெண்களே இதைக் கல்யாணக் கதையாகப் பார்த்ததற்கும் சான்று உண்டு. தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய லோக்ரி நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன. கல்யாணத்துக்கு முன் பெண்கள் வைத்த காணிக்கைகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில பலகைகளில் பெண்ணைத் தேரில் தூக்கிப்போகும் காட்சி. வேறு சிலவற்றில் பெர்செபொனியும் ஹேடிஸும் சரிசமமாக அரியணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அவள் கல்யாணத்தைக் காக்கும் தெய்வம். இதற்கு நேர் எதிரான முகம் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் 1977இல் திறந்த ஒரு கல்லறையின் சுவரில் இருக்கிறது: ஒரு கையால் ஹேடிஸ் அவளை மார்போடு இறுக்கியிருக்க, அவள் இரு கைகளையும் பின்னால் வீசி எறிந்தபடி சரிந்து கிடக்கிறாள். இரண்டும் கிரேக்கர்கள் செய்தவைதான். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை ஹேடிஸுக்கு வாழ்க்கைப்பட்டவளாகச் சொல்வதும் அவர்கள் வழக்கம். அட்டிக்கா பகுதியில் 1972இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஃபிராசிக்கிளேயா என்ற பெண்ணின் சிலைக்கு உரிய பீடத்தில், கல்யாணத்துக்குப் பதிலாகத் தேவர்கள் எனக்குக் கன்னி என்ற பெயரையே தந்தார்கள் என்று அவளே பேசுவதுபோல் பொறித்திருக்கிறது.

சம்மதம் கொண்டுவந்தாயிற்று. இனி அதற்கான விலை. துதிப்பாடல் உண்மையில் யாருடைய கதை? ஹேடிஸுக்கு அதில் பேச்சே சில வரிகள்தான். அது தாயின் கதை. ஒன்பது நாள் உண்ணாமல் குளிக்காமல் கையில் தீப்பந்தத்தோடு பூமியெங்கும் தேடியலைகிறவள் டிமீட்டர். எலூசிஸ் ஊரில் கிழவி வேடத்தில் ஒரு வீட்டில் குழந்தை வளர்க்கும் வேலைக்குச் சேருகிறவளும் அவள்தான். முடிவில் உலகத்தையே பட்டினி போட்டு ஜீயஸைப் பணியவைக்கிறாள். ஜீயஸ் தன் முடிவிலிருந்து பின்வாங்கும்படி செய்த தெய்வங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எலூசிஸின் இரகசிய வழிபாடு சுமார் ஆயிரம் ஆண்டுகள் நடந்தது இந்தத் தாய் மகளுக்காகத்தான்.

காதல் நாவலில் இந்தத் தாய்க்கு இடமில்லை. ஹேடிஸ் நல்லவன் என்றால் மகளைத் திரும்பக் கேட்பவள் யார்? தடை. எ டச் ஆஃப் டார்க்னஸில் டிமீட்டர் மகளைக் கண்ணாடி வீட்டுக்குள் பூட்டி வளர்த்தவள். லோர் ஒலிம்பஸில் பொத்திப் பொத்தி வளர்த்து மூச்சுமுட்ட வைப்பவள். நியான் காட்ஸில் இன்னும் ஒருபடி மேலே போய், அரசியல் லாபத்துக்காக மகளை ஜீயஸுக்குப் பேசி முடிப்பவளே அவள்தான். மூலத்தில் ஜீயஸ் செய்த வேலையைத் தாய் செய்கிறாள்! ஆணைக் குற்றத்திலிருந்து விடுவித்தபோது அந்தக் குற்றம் எங்கேயோ போய் உட்கார வேண்டியிருந்தது. தாயின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்களே எழுதி, பெரும்பாலும் பெண்களே வாசிக்கும் நூல்களில் இப்படி நடப்பதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். அம்மாவின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்ற இளம் வாசகியின் தவிப்பு நிஜமானது, அதற்கு இந்தக் கதை வடிகால். அதை மறுக்கவில்லை. ஆனால் உலக இலக்கியத்தில் ஒரு தாயின் துக்கம் வானத்தையே வளைத்த கதைகள் எத்தனை இருக்கின்றன? இருந்த ஒன்றையும் மாமியார் கதையாக்கிவிட்டால் எப்படி?

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புராணப் பெயர்களுக்குக் காப்புரிமை இல்லை, அறிமுகமும் தேவையில்லை. அட்டையில் ஹேடிஸ் என்று போட்டாலே வாசகருக்குப் பாதிக் கதை தெரியும். ரசிகர்கள் எழுதும் இணையக் கதைகளில் பழகிய கை பலருக்கு. டிக்டாக்கில் புத்தகம் பேசும் கூட்டம், அதற்கு புக்டாக் என்று பெயர், பெருந்தொற்றுக் காலத்தில் இவற்றைத் தூக்கிவிட்டது. மேடலின் மில்லரின் 'த சாங் ஆஃப் அக்கிலீஸ்' 2011இல் வெளிவந்து 2012இல் பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சுப் பரிசு வாங்கிய நாவல். பத்து ஆண்டு கழித்து, அழுதுகொண்டே அதைப் பற்றிப் பேசிய காணொளிகளால் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. மேலும் பதிப்புலகில் காதல் நாவல் என்ற வகைக்கு ஒரு கறாரான விதி உண்டு: முடிவு மனநிறைவானதாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். பெர்செபொனி ஜோடிக்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. கிரேக்கப் புராணத்தில் பிரியாமலும், சாகாமலும், ஒருவர் கையால் மற்றவர் கொலையுண்டு போகாமலும் இருக்கும் ஜோடி தேடினால் தேறுவது கொஞ்சம்தான்.

அக்கிலீஸ் கதைக்கு அந்த விதி பொருந்தாது. மில்லர் எழுதியது, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்து வீரர்கள் அக்கிலீஸும் பட்ரோக்ளஸும் காதலர்கள் என்ற கதை, சொல்வது பட்ரோக்ளஸ். ஹோமரைக் கெடுத்துவிட்டார் என்று சிலர் குதித்தார்கள். இந்தச் சண்டை 2400 ஆண்டு பழையது. இலியட் அவர்களைக் காதலர்கள் என்று எங்கும் சொல்லவில்லை. ஒன்பதாம் காண்டத்தில் இருவரும் தனித்தனியாகப் போரில் பிடித்த பெண்களோடு படுக்கிறார்கள். ஆனால் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் அவர்களைக் காதலர்களாகவே மேடையேற்றினார். அந்த நாடகத்தில் நமக்கு மிஞ்சியது சில துணுக்குகள். பிளேட்டோவின் விருந்து உரையாடலில் ஒருவர் ஈஸ்கிலஸைத் திட்டுகிறார். எதற்கு? காதலர்கள் என்றதற்கு அல்ல, அக்கிலீஸைத் துரத்துபவனாகவும் பட்ரோக்ளஸைத் துரத்தப்படுபவனாகவும் காட்டியதற்கு. அக்கிலீஸ்தான் இளையவன், மீசை முளைக்காதவன், எனவே முறை தலைகீழ் என்று அவர் வாதம். செனஃபன் எழுதிய இன்னொரு விருந்தில் சாக்ரட்டீஸ், அவர்கள் தோழர்கள் மட்டுமே என்கிறார். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேச்சாளர் ஈஸ்கினஸ், ஹோமர் அந்தக் காதலின் பெயரைச் சொல்லாமல் விட்டது படித்தவர்களுக்கு எப்படியும் புரியும் என்பதால்தான் என்கிறார்.

இலியடின் பதினாறாம் காண்டத்தில் அக்கிலீஸ் ஒரு பயங்கரமான ஆசையைச் சொல்வான்: டிராய்க்காரன், கிரேக்கன் ஒருவன் விடாமல் எல்லாரும் சாகட்டும், நாமிருவர் மட்டும் மிஞ்சி அந்த நகரத்தின் முக்காட்டை அவிழ்ப்போம். அலெக்சாந்திரியாவின் பண்டிதர்கள் இந்த வரிகளைச் சந்தேகித்தார்கள். ஹோமரில் ஆண் காதல் உண்டு என்று காட்ட யாரோ செருகிவிட்டார்கள் என்றார்கள். அந்தப் பார்வை அன்றே இவ்வளவு பரவலாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சந்தேகமே சாட்சி. பிறகு பட்ரோக்ளஸின் ஆவி வந்து, நம் இருவர் எலும்பையும் ஒரே கலயத்தில் போடு என்று கேட்பது இருபத்துமூன்றாம் காண்டத்தில். மில்லர் தன் கதையின் முடிவை அந்தக் கலயத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார். இருவரும் செத்த பிறகும் கதை தொடர்கிறது. ஆரம்பம் முதல் இந்தக் காதலை வெறுத்த அக்கிலீஸின் தாய் தீட்டிஸ், கடைசியில் கல்லறையில் பட்ரோக்ளஸின் பெயரையும் பொறிக்கிறாள். மனநிறைவான முடிவு என்ற விதியைச் சாவுக்கு அப்பால் கொண்டுபோய் நிறைவேற்றிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான்.

அங்கேயும் விலை கொடுக்கும் ஒருத்தி இருக்கிறாள். ப்ரைசீஸ், லிர்னெசஸ் நகரத்துப் பெண். அவள் கணவனைக் கொன்று, மூன்று சகோதரர்களும் சாக, நகரத்தைச் சூறையாடி அவளைப் பரிசாக எடுத்துக்கொண்டவன் அக்கிலீஸ். கதாநாயகன் அடிமைப் பெண்ணை வைத்திருந்தால் இன்றைய வாசகருக்கு அவன்மேல் காதல் வருமா? எனவே மில்லரின் நாவலில், மற்ற தலைவர்கள் கையில் சிக்காமல் காப்பாற்றவே பட்ரோக்ளஸ் அவளைக் கேட்டு வாங்கச் சொல்கிறான். கூடாரம் அவளுக்குப் புகலிடமாகிறது. அவளுக்குப் பட்ரோக்ளஸ்மேல் காதலும் வருகிறது. 2004இல் வந்த 'டிராய்' படம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது: பட்ரோக்ளஸை உறவுக்காரத் தம்பியாக்கிவிட்டு, ப்ரைசீஸை அக்கிலீஸின் காதலியாக்கியது. இரண்டிலும் அவளுக்கு அந்த முகாமில் இருக்கப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் அவசியம்.

ஓவிட் இதையும் முன்பே செய்து பார்த்துவிட்டார். புராணப் பெண்கள் காதலர்களுக்கு எழுதும் கடிதங்களாக அவர் எழுதிய நூலில் மூன்றாவது கடிதம் ப்ரைசீஸுடையது. அந்நியப் பெண்ணின் கிரேக்கம், எழுத்தெல்லாம் கண்ணீர்க் கறை. கணவனும் சகோதரர்களும் போனார்கள், இனி எனக்கு எஜமானும் கணவனும் சகோதரனும் நீதான் என்கிறாள். காதல் வாக்குமூலமாகவும் இதைப் படிக்கலாம், வேறு நாதி இல்லாதவளின் கணக்காகவும் படிக்கலாம். ஓவிட் எஜமான் என்ற சொல்லை முதலில் வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சின் பெனுவா த செயின்ட் மோர் அவள் பெயரை வைத்துக்கொண்டு டிராய் இளவரசன் டிராய்லஸோடு ஒரு புதுக் காதலையே கட்டினார். பொக்காச்சியோ, சாசர், ஷேக்ஸ்பியர் என்று அது கைமாறிப் போனதில் அவள் பெயர் கிரெசிடா ஆகி, காதலனுக்குத் துரோகம் செய்தவள் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. கைதியாக இருந்தவளுக்குக் கற்பில்லை என்ற பழி!

ஹோமர் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பேச்சு, பத்தொன்பதாம் காண்டத்தில், பட்ரோக்ளஸின் பிணத்தின்மேல் விழுந்து. என் கணவனை அக்கிலீஸ் வெட்டிச் சாய்த்த அன்று என்னை அழவிடாமல் தேற்றினாய், அவனுக்கே முறைப்படி என்னைக் கட்டிவைப்பதாகச் சொன்னாய், எப்போதும் கனிவாக இருந்தாய் என்று ஒப்பாரி வைக்கிறாள். சுற்றியிருந்த பெண்களும் அழுதார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து, ஒவ்வொருத்தியும் தன் துக்கத்துக்கு அழுதாள் என்று ஹோமர் அடுத்த வரியில் போட்டு உடைத்துவிடுகிறார். காதல் கதை எழுத வருகிறவர்கள் தாண்ட வேண்டிய வரி அது. கொன்றவனுக்கே மனைவியாவதுதான் அவளுக்கு வாய்த்த மேலான நம்பிக்கை என்பதை ஹோமர் எந்த விளக்கமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

பாட் பார்க்கரின் 'த சைலன்ஸ் ஆஃப் த கேர்ள்ஸ்' (2018) அந்த வரியிலிருந்தே புறப்பட்ட நாவல். ப்ரைசீஸே பேசுகிறாள். அடிமை முகாமைப் புகலிடமாக்கும் வேலை இதில் கிடையாது. அவளுக்கு அக்கிலீஸ்மேல் காதல் வருவதில்லை, வாசகருக்கும் வர விடுவதில்லை. முடிவில் அவளே யோசிக்கிறாள்: பின்னால் வரும் ஜனங்களுக்கு அடிமைத்தனமும் படுகொலையும் வேண்டியிருக்காது, மென்மையாக ஏதாவது, ஒரு காதல் கதை கேட்பார்கள்; காதலர்கள் யார் என்றாவது சரியாகக் கண்டுபிடித்தால் தேவலை. மில்லரின் புத்தகம் வந்து ஏழாண்டு கழித்து வந்த வாக்கியம் இது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. கூடாரத்துக்குள் இருவருக்கிடையே காதல் இருந்திருக்கலாம், அதே கூடாரத்தின் மூலையில் அடிமைப்பெண் உட்கார்ந்திருந்ததும் நிஜம்.

மில்லரே இரண்டாவது நாவலில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டார். 'சர்சி' (2018) ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் பத்தாம் காண்டத்துச் சூனியக்காரியின் கதை. மூலத்தில் ஒடிசியஸ் வாளை உருவ, அவள் பயந்து படுக்கைக்கு அழைப்பாள். நாவலில் அது இரண்டு களைத்த மனிதர்களின் தற்காலிகத் துணை. அவன் போவான் என்று அவளுக்குத் தெரியும், போகிறான். அதைப் பெருங்காதலாக ஊதிப் பெருக்காமல் விட்டதாலேயே அந்தப் பகுதி நிற்கிறது.

அதன் முடிவைப் படித்த சிலர், மில்லர் அத்துமீறிவிட்டார் என்று நினைக்கக்கூடும். ஒடிசியஸ் இறந்தபின் அவன் மகன் டெலிமாக்கஸோடு சர்சி சேருகிறாள். இது மில்லரின் கற்பனை அல்ல. 'டெலிகொனி' என்று ஒரு பழைய காவியம் இருந்தது. இன்று அதன் சுருக்கம் மட்டுமே கையில் இருக்கிறது. சர்சிக்கு ஒடிசியஸ் மூலம் பிறந்த டெலிகோனஸ், யாரென்று தெரியாமல் தகப்பனையே கொன்றுவிடுகிறான். பிறகு பிணத்தையும் பெனலோப்பியையும் டெலிமாக்கஸையும் தாயின் தீவுக்குக் கூட்டிவருகிறான். அங்கே ஒரே மூச்சில் இரண்டு கல்யாணம்: டெலிமாக்கஸுக்கு சர்சி, டெலிகோனஸுக்குப் பெனலோப்பி. கணவனைக் கொன்றவனையே, அதுவும் கணவனின் இன்னொரு மகனையே பெனலோப்பி கட்டிக்கொள்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று சுருக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. மில்லர் முதல் ஜோடியை எடுத்துக்கொண்டார், இரண்டாவதைக் கைவிட்டார். டெலிகோனஸை ஏதீனா மேற்கே ஒரு நகரம் கட்ட அழைத்துப் போய்விடுகிறாள். பெனலோப்பிக்குக் கல்யாணம் இல்லை. சர்சி கிளம்பிப்போன தீவில் தங்கி, மூலிகைகளைப் பழகி, அடுத்த சூனியக்காரி ஆகிறாள்.